மருத்துவமனைத் தொற்றும் அதன் பதிவேடும்

மதுரையில் வைகையின் தென்கரையை ஒட்டிக் கல்லால் பெயர்பெற்ற இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று யானைக்கல், மற்றொன்று சிம்மக்கல். சிம்மக்கல்லிலிருந்து வடக்கே நடந்து, 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தால் கோரிப்பாளையம். தர்காவும் அரசு இராசாசி மருத்துவமனையும் அங்கே ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன. முதியவர்கள் இன்றும் அம்மருத்துவமனையை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லக் கேட்கலாம். 1934 முதல் 1940 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி எனப் பல மாவட்டங்களின் நோயாளிகள் கடைசி நம்பிக்கையாக வந்து சேருமிடம் இந்தப் பாலத்தின் அக்கரைதான். தர்காவில் நேர்ச்சை செய்பவரும் மருத்துவமனையில் சீட்டுக்கு வரிசையில் நிற்பவரும் பல வேளைகளில் ஒருவரே.

சில ஆண்டுகளுக்கு முன் சிம்மக்கல்லில் வசிக்கும் நம் தாய்மாமன், வயது எழுபதைத் தாண்டியவர், வுழூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நகரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் எஃகுத் தகடு பொருத்தினார்கள். அறுவை குறையின்றி நடந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் காயத்திலிருந்து நீர் வடியத் தொடங்கியது. அந்நீரைச் சோதனைக்கு அனுப்பி வாங்கிய ஒற்றைத் தாளில் கிளெப்சியெல்லா என்னும் கிருமியின் பெயரும், அதன்கீழ்ப் பதினான்கு மருந்துகளின் பட்டியலும் இருந்தன. பதினொரு மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து அச்சாகியிருந்தது. ‘இந்த மருந்து கேளாது’ என்பது அதன் பொருள்.

அறுவை செய்த மருத்துவர் பண்பானவர். அவரிடம் நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: “டாக்டர், இந்த வருஷம் இங்கே இதுபோல எத்தனை பேருக்கு வந்திருக்கும்?” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படித் தனியாக் கணக்கு வைக்கிறதில்லை, பாய்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரிந்தது. கணக்கு இல்லை என்பதே உண்மை. மாமாவை வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே நோய்க்குறிப்பில், தொற்று வெளியிலிருந்து வந்தது என்று எழுதினார்கள். முதல் மருத்துவமனையிலோ அவருடைய கோப்பு வீட்டுக்கு அனுப்பிய அன்றே மூடப்பட்டுவிட்டது. ஆக, இரண்டு மருத்துவமனைகளில் ஏறத்தாழ ஐம்பது நாள் படுத்திருந்த ஒரு நோயாளி, எந்த மருத்துவமனையின் தொற்றுக் கணக்கிலும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நம் இதழ்களும் நாளேடுகளும் நிறையவே எழுதிவிட்டன. அக்கிருமிகளை எண்ணியவர்கள் யார், எண்ணியதால் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை.

முதலில் அந்தத் தாள் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். காயத்தின் நீரையோ குருதியையோ ஊட்டப்பொருள் கலந்த தட்டில் இட்டு, உடலின் வெப்பத்தையொத்த சூட்டில் ஓரிரவு வைத்தால் கிருமி புள்ளிபுள்ளியாக வளரும். அதனை எடுத்து மற்றொரு தட்டில் பரப்பி, மருந்தில் தோய்த்த சிறு தாள்வில்லைகளை ஆங்காங்கே வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, மருந்து கேட்கும், கேளாது, இடைநிலை என மூன்றாகப் பிரிப்பார்கள். இன்று பெரிய ஆய்வுக்கூடங்களில் இதே வேலையை இயந்திரங்கள் சில மணி நேரத்தில் செய்கின்றன.

இது ஒரு நோயாளியின் தாள். இதை ஒரு மருத்துவமனையின் கணக்காக மாற்றுவதற்கு மேலும் இரண்டு செய்திகள் வேண்டும். தொற்று எங்கே வந்தது என்பது ஒன்று. அனுமதிக்கப்பட்டு இரண்டு நாள் கழிந்த பின் தோன்றுவது மருத்துவமனைத் தொற்று என்றும், அறுவைக்குப் பின் முப்பது நாளுக்குள், உடலுக்குள் தகடு போன்ற பொருள் வைத்திருந்தால் தொண்ணூறு நாளுக்குள் காயத்தில் தோன்றுவது அறுவைத் தொற்று என்றும் பொதுவாக வரையறுக்கிறார்கள். எத்தனை பேரில் இத்தனை என்னும் வகுக்கும் எண் மற்றொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆயிரம் குழாய் நாள்களுக்கு எத்தனை குருதித் தொற்று என்று கணக்கிடுவது இதனால்தான். பத்து நோயாளிகளுக்கு மத்தியக் குருதிக்குழாய் ஐந்தைந்து நாள் இருந்தால் அது ஐம்பது குழாய் நாள். வகுக்கும் எண் தவறினால் கணக்கே தலைகீழாகும். அதற்கு வரலாற்றில் சான்றுண்டு; பின்னர் காண்போம்.

நம் மேடைகளில் மருத்துவமனைத் தூய்மை பற்றிப் பேசுவோர் தவறாமல் ஒரு கதை சொல்வர். பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்படி ராஸியிடம் கேட்டதாகவும், அவர் நகரின் பல மூலைகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே இறைச்சி தாமதமாக அழுகியதோ அவ்விடத்தைத் தெரிவு செய்ததாகவும் கதை. அழகான கதைதான். ஆனால் அக்கதை குறிக்கும் அளுதி மருத்துவமனை ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982) திறக்கப்பட்டது, ராஸியோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே காலமாகிவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆவே இக்கால முரண்பாட்டைக் கண்டிருக்கிறார். ராஸிக்கு இந்தக் கதை தேவையுமில்லை. மூளையழற்சியின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கியும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டும் இரு சாராரையும் ஒப்பிட்டதாக அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றே போதும். இருதரப்பையும் எண்ணாமல் முடிவு சொல்லக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

நம் பொருளுக்கு இதனினும் நெருக்கமானது ஹிஸ்பா நூல்களில் உள்ளது. சந்தையின் எடைக்கல்லைச் சோதிக்கும் முஹ்தஸிபுக்கு மருத்துவரைக் கண்காணிக்கும் பொறுப்பும் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரி எழுதிய முஹ்தஸிபுக்கான கையேட்டில் ஒரு விதி வருகிறது. மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது கண்ட அறிகுறிகளையும் கொடுத்த மருந்தையும் எழுதி, அதன் படியொன்றை நோயாளியின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவ்வாறே எழுத வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அந்தத் தாள்களைத் தலைமை மருத்துவரிடம் கொண்டுபோவர். மருத்துவம் முறைப்படி நடந்திருந்தால், அவருடைய தவணை முடிந்தது என்று அவர் கூறுவார். கவனக்குறைவு தெரிந்தால் உயிரீட்டுத் தொகையை மருத்துவரிடமிருந்து பெற்றுக்கொள்ளச் சொல்வார். இது நூலில் உள்ள விதி; எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்திலும் நடந்த நடைமுறை என்று இதைக் காட்டிப் பெருமை பேசுவது வரலாறாகாது. எனினும் இவ்விதியில் கூர்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தாள் மருத்துவரிடம் மட்டும் இருக்கவில்லை, வீட்டாரிடமும் இருந்தது.

அதே வேளையில் இந்த விதி ஒரு தனி மனிதரின் மரணத்தைத்தான் விசாரிக்கிறது. ஒரு கூடத்தில் படுத்திருந்த நூறு பேரில் எத்தனை பேர் எனக் கேட்கும் எண்ணம் நெடுங்காலம் கழித்தே வந்தது. 1847இல் வியன்னாவின் மகப்பேற்று மருத்துவமனையில் செம்மல்வைஸ் அவ்வாறு எண்ணினார். பிணவறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வரும் மாணவர்கள் குளோரின் நீரில் கைகழுவும்படி அவர் ஆணையிட்ட பின், ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியது. அந்தக் கணக்கு மருத்துவர்களின் கைகளையே குற்றஞ்சாட்டியது. ஆகவே அதை அவர்கள் ஏற்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில், காயத்தில் ஏறிய நஞ்சால் அவர் இறந்தார்.

அடுத்த சான்று துருக்கியின் உஸ்கூதாரிலிருந்து தொடங்குகிறது. கிரீமியப் போரின்போது உதுமானிய அரசு ஆங்கிலேயருக்கு அளித்த ஸலீமிய்யா படைமுகாம் மருத்துவமனையாயிற்று. 1855 பிப்ரவரியில் அங்கே அனுமதிக்கப்பட்ட படைவீரர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கழிவுக்கால்களைத் துப்புரவு செய்த சில மாதங்களில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது. இந்தக் கணக்குகளோடு நாடு திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1863இல் வெளிவந்த தம் மருத்துவமனை நூலில் இலண்டனின் இருபத்துநான்கு மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தையும் அச்சிட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இறப்பதாக அந்த அட்டவணை காட்டியது! ஓராண்டின் இறப்புகளை, ஒரு குறிப்பிட்ட நாளில் படுக்கையில் இருந்தோரின் எண்ணிக்கையால் வகுத்ததன் விளைவு அது. நோயாளிகளை விரைவாகக் குணப்படுத்தி அனுப்பும் மருத்துவமனை, மெல்ல அனுப்பும் மருத்துவமனையைவிடக் கொடியதாகத் தோன்றியது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் சினத்தில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். கணக்கு அநியாயமாக இருந்தால், அதிலிருந்து தப்ப எளிய வழி கணக்கே வைக்காமல் இருப்பது என்று நிறுவனங்கள் கற்றுக்கொள்கின்றன.

பென்சிலின் வந்தபோது இந்தக் கவலையெல்லாம் தீர்ந்தது என்று உலகம் நம்பியது. 1945இல் நோபல் பரிசு ஏற்புரையிலேயே பிளெமிங், குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என எச்சரித்தார். 1959இல் வந்த மெதிசிலினுக்கு அடங்காத கிருமி 1961இலேயே இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. மருந்தின் வரலாற்றை இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை. கணக்கின் வரலாற்றில் அமெரிக்கா 1970இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்பு ஒரு திருப்பம். சேர்ந்த மருத்துவமனைகளின் பெயர்கள் வெளியே சொல்லப்படமாட்டா என்ற உறுதியின் பேரில் அது நடந்தது. முறையாக எண்ணி, எண்ணியதை மருத்துவர்களிடமே திருப்பிச் சொன்ன மருத்துவமனைகளில் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1985இல் வெளியான ஆய்வு காட்டிற்று. புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்து வேறு வழியை எடுத்தது. மெதிசிலினுக்கு அடங்காத குருதித் தொற்றை அரசு மருத்துவமனைகள் அனைத்தும் அறிவித்தாக வேண்டும் என 2001இல் கட்டாயமாக்கி, மருத்துவமனைவாரியாகப் பெயருடன் வெளியிட்டது. 2003–04இல் ஏறத்தாழ 7,700 ஆக இருந்த எண்ணிக்கை 2008–09இல் மூவாயிரத்துக்கும் கீழே வந்தது. பெயரை மறைத்தும் பயன் விளைந்தது. பெயரைச் சொல்லியும் விளைந்தது. இரண்டிலும் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

2007 டிசம்பரில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 59 வயது சுவீடன் நாட்டவர் ஒருவர் புதுடெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2008 ஜனவரியில் சுவீடன் திரும்பியபோது அவர் உடலிலிருந்து எடுத்த கிளெப்சியெல்லா, கடைசிப் புகலிடமாகக் கருதப்பட்ட கார்பாபெனெம் வகை மருந்துகளுக்கும் அடங்கவில்லை. அம்மருந்தைச் சிதைக்கும் நொதியைக் கண்டறிந்தவர்கள் 2009 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில் அதற்குப் புதுடெல்லியின் பெயரை வைத்தார்கள், சுருக்கமாக என்.டி.எம்.-1. இந்த நொதியை ஆக்கும் மரபணு ஒரு கிருமியிடமிருந்து மற்றொரு வகைக் கிருமிக்கு எளிதில் தாவக்கூடியது என்பதுதான் உண்மையான அச்சம். கிருமி செத்தாலும் அதன் கல்வி சாவதில்லை.

2010 தொடக்கத்தில் நம் நாட்டு மருத்துவர்களே இதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மும்பையின் இந்துஜா மருத்துவமனை, கார்பாபெனெமுக்கு அடங்காத 24 கிருமி மாதிரிகளில் 22இல் இந்த நொதி இருப்பதைக் கண்டு இந்திய மருத்துவர் சங்கத்தின் இதழில் வெளியிட்டது. அதே இதழில் 2010 மார்ச்சில், சென்னையில் பணியாற்றும் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கபூர், ஆண்டிபயாடிக்குகளின் மரணத்துக்கு இரங்கற்குறிப்பு என்ற பொருள்படும் தலைப்பில் தலையங்கம் எழுதினார். படித்தவர்கள் மருத்துவர்கள் மட்டுமே. ஆரவாரம் எதுவும் எழவில்லை.

ஆரவாரம் ஆகஸ்டில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகவும், பிரிட்டனின் வேல்ஸில் பணிபுரிந்த திமோதி வால்ஷ் உள்ளிட்டோரை உடனாசிரியர்களாகவும் கொண்ட கட்டுரை, இலண்டனின் லான்செட் குழும இதழில் வெளியாயிற்று. 2009இல் சென்னையில் திரட்டிய குடல்வகைக் கிருமிகள் 3,521. அவற்றில் கார்பாபெனெமுக்கு அடங்காதவை 141. அந்த 141இல் புதிய நொதியைக் கொண்டவை 44. ஹரியானாவில் 198இல் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73. பிரிட்டன் நோயாளிகள் 29 பேரில் குறைந்தது 17 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள். சிகிச்சைக்கென இந்தியா செல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் கட்டுரை ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருந்தது.

அந்த எச்சரிக்கைதான் தீயை மூட்டியது. இந்திய மருத்துவமனைகளைக் கெடுப்பதற்கான சதி என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. நடுவண் நலத்துறை கட்டுரையின் முடிவை மறுத்து அறிக்கை விட்டது. கட்டுரையின் சில பகுதிகள் தமக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டவை என்று முதல் ஆசிரியரே செய்தியாளர்களிடம் கூறும் நிலை வந்தது. நகரின் பெயரை நொதிக்கு வைத்ததற்காக 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் வருத்தம் தெரிவித்தார். இந்த மனக்காயத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. இதே குடும்பத்து நொதிகளுக்கு முன்பே வெரோனா, சாவோ பாலோ, சியோல் ஆகிய நகரங்களின் பெயர்கள் வைக்கப்பட்டிருந்தன என்பது உண்மை. ஆனால் காலனி ஆதிக்கத்தின் கீழிருந்த ஒரு நாட்டின் தலைநகரை நோயோடு சேர்த்துச் சொல்லும்போது எழும் வலி வேறு. பெயரைக் குறித்த மனக்குறை நியாயமே.

எண்களைக் குறித்த சினம்தான் நியாயமற்றது. 3,521 மாதிரிகளைப் பொறுமையாக ஆராய்ந்த நகரம் சென்னை. ஆகவே சென்னையின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. ஒரு மாதிரியைக்கூடச் சோதிக்காத நகரங்களின் பெயர் எந்தச் செய்தியிலும் இல்லை. அவை தூய்மையானவையாகத் தோன்றின. எண்ணியவர் குற்றவாளியாகவும் எண்ணாதவர் குற்றமற்றவராகவும் காட்சியளிக்கும் இந்தத் தலைகீழ் நியாயம்தான் நம் மாமாவின் மருத்துவரிடம் கணக்கேடு இல்லாததற்கும் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். குருதிச் சோதனைக்கு அனுப்பாத மருத்துவமனையில் குருதித் தொற்று ‘இல்லை’. சோதனைக்கு முன்பே ஊசியைப் போட்டுவிட்டால் தட்டில் கிருமி வளராது. அப்போதும் தொற்று ‘இல்லை’. செலவும் மிச்சம், பெயரும் மிச்சம். இழப்பு நோயாளிக்கு மட்டுமே.

2011 ஏப்ரலில் வந்த அடுத்த கட்டுரை இன்னும் கசப்பானது. புதுடெல்லியின் குடிநீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அதே மரபணு இருந்தது. மருத்துவமனைச் சுவருக்குள் அடங்காத ஒன்றை மருத்துவமனைகளை மட்டும் குறைகூறித் தீர்க்க முடியாது என்பதும் இதனால் தெளிவாயிற்று.

சென்னையைக் குறை கூறியவர்களுக்குச் சென்னையே விடை சொன்னது என்பது இவ்வரலாற்றின் நிறைவளிக்கும் பகுதி. 2012 ஆகஸ்ட் 24ஆம் நாள் மருத்துவச் சங்கங்கள் பலவும் அரசுப் பேராளர்களும் சென்னையில் கூடினர். அப்துல் கபூர் ஒருங்கிணைத்த அக்கூட்டத்தின் முடிவுகள் சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் வெளிவந்தன. எல்லா ஆண்டிபயாடிக்கையும் ஒரே நாளில் மருந்துச்சீட்டின்றி விற்கத் தடை என்று சொன்னால், மருத்துவரே இல்லாத சிற்றூர்களில் சாதாரணக் காய்ச்சலுக்கும் மக்கள் சாவார்கள். ஆகவே முதலில் உயர்நிலை மருந்துகளுக்குக் கட்டுப்பாடு, பிறகு படிப்படியாக மற்றவற்றுக்கு என்ற நடைமுறைப் பாதையை அது முன்வைத்தது. முழுமையான சட்டம் வேண்டும் என்று முழங்கியவர்களுக்கு இது ஏமாற்றம். நடக்கக்கூடியதை மட்டும் கேட்பதும் ஒரு துணிவே.

2013 ஆகஸ்டில் நடுவண் அரசு மருந்து விதிகளில் எச்1 என்ற புதிய அட்டவணையை அறிவித்தது. 2014 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 46 மருந்துகள், அவற்றில் ஏறத்தாழப் பாதி உயர்நிலை ஆண்டிபயாடிக்குகள். அவற்றை விற்கும் கடைக்காரர் எழுதிய மருத்துவரின் பெயரையும் வாங்கிய நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். நம் தெருவின் மருந்துக்கடையிலும் அந்தப் பதிவேடு இருக்கிறது. அதை யாராவது வந்து பார்ப்பதுண்டா என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்.

மதுரையிலேயே கணக்கின் வேறொரு மரபும் இருக்கிறது. ஓய்வுபெற்ற பின் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அது. கண்புரை அறுவைக்குப் பின் விழியின் உள்ளே கிருமி புகுந்துவிட்டால் ஓரிரு நாளில் பார்வை போகலாம். 2008இல் விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றின் முகாமிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுப் பெரம்பலூரில் அறுவை செய்துகொண்ட ஏழை மக்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வையிழந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. இத்தொற்று அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது. அரிதானதை எண்ண வேண்டுமானால் இலட்சக்கணக்கில் எண்ண வேண்டும். அறுவையின் முடிவில் மாக்சிஃப்ளாக்சசின் என்னும் மருந்தை விழிக்குள்ளேயே செலுத்துவதால் பயனுண்டா என்பதை அறிய, 2014 ஜனவரி முதல் 2016 மே வரை அரவிந்தின் பத்து மருத்துவமனைகளில் நடந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஹரிப்பிரியா, இரவீந்திரன் ஆகியோர் அமெரிக்க மருத்துவர் டேவிட் சாங்குடன் சேர்ந்து தொகுத்தார்கள். மருந்து செலுத்தப்படாத 3,02,815 கண்களில் 214இல் தொற்று. செலுத்தப்பட்ட 3,14,638 கண்களில் 64 மட்டுமே. 2017இல் அது வெளியாயிற்று.

அந்த 214ஐ எண்ணிப் பாருங்கள். உலகின் முன் தன் தொற்றுகளை இவ்வளவு துல்லியமாக ஒரு நிறுவனம் அச்சிட்டிருக்கிறது. அதனால் அதன் பெயர் கெடவில்லை. மருந்தின் பயனை நிறுவும் பெருமையே கிடைத்தது. ஆயினும் இதிலும் ஒரு கேள்வி தொடர்கிறது. இலட்சக்கணக்கான கண்களில் ஒரே மருந்தைச் செலுத்தும்போது, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளே எஞ்சும் வாய்ப்புண்டு. ஆகவே தொற்று குறைந்துவிட்டது என்று எண்ணுவதை நிறுத்த முடியாது. எஞ்சிய ஒவ்வொரு கண்ணின் நீரையும் தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் மருத்துவத்துக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரே வகை அறுவை, ஒரே முறை, குறித்த நாளில் திரும்பி வரும் நோயாளி. பல நோய்கள் கலந்து கிடக்கும் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இது இவ்வளவு எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடினமான இடத்திலும் எண்ணும் முயற்சி தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பை நிறுவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுவை ஜிப்மரும் அதன் முதன்மை மையங்களுள் அடங்கும். டெல்லி எய்ம்ஸ் தலைமையில் 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒரே வரையறையின்படி தம் தொற்றுகளை எண்ணின. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரையிலான கணக்கு 2022இல் வெளிவந்தது: குருதித் தொற்றுகள் 2,622, சிறுநீர்த் தொற்றுகள் 737. குருதித் தொற்றை உண்டாக்கிய கிளெப்சியெல்லாக்களில் நூற்றுக்கு 72 கார்பாபெனெமுக்கு அடங்காதவை. அசினெட்டோபாக்டரில் நூற்றுக்கு 77. குருதித் தொற்றின் விகிதம் மிக உயர்ந்திருந்தது பிறந்த குழந்தைகளின் பிரிவுகளில். ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, இமிபெனெம் என்னும் கார்பாபெனெம் மருந்து கேட்கும் கிளெப்சியெல்லாக்கள் 2016இல் நூற்றுக்கு 65ஆக இருந்து 2021இல் 43ஆகக் குறைந்தன.

2010இல் 141 மாதிரிகளுக்காகக் கொதித்த நாடு, இந்த எண்களைக் கண்டு கொதிக்கவில்லை. இவை நம்மவர் எண்ணியவை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், அந்த ஆண்டறிக்கைகளின் அட்டவணைகளில் எந்த மருத்துவமனைக்கு எந்த எண் என்பது குறியீட்டெண்ணுக்குப் பின்னால் மறைக்கப்பட்டிருப்பது. இந்த மறைப்பைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. முப்பதோ நாற்பதோ மருத்துவமனைகள் மட்டும் எண்ணும் நாட்டில் அவற்றின் பெயரை வெளியிட்டால், எஞ்சிய ஆயிரக்கணக்கானவை எண்ணாமலிருப்பதே அறிவுடைமை என்று முடிவு செய்யும். 2010இன் பாடம் அது. இங்கிலாந்தைப் போல் எல்லாரும் ஒரே விதியின்படி எண்ணியாக வேண்டும் என்று சட்டம் வரும் நாளில்தான் பெயரைச் சொல்வது நியாயமாகும். என்.ஏ.பி.எச். தரச்சான்று கேட்கும் மருத்துவமனைகள் தொற்று விகிதத்தைக் கணக்கிட வேண்டும் என்ற நிபந்தனை இப்போதும் உண்டு. சான்று கேட்காத சிறு மருத்துவமனைகள்தாம் நம் தெருக்களில் மிகுதி.

ஆனால் பொதுமக்களுக்குப் பெயரை மறைப்பது வேறு. நோயாளியிடம் மறைப்பது வேறு. ஷைஸரியின் விதியில் தாளின் படி வீட்டாரிடம் இருந்தது. நம் ஊரில் நோயாளியின் வளர்சோதனைத் தாள் கோப்புக்குள்ளேயே இருந்துவிடுகிறது. கேட்டால் தருவார்கள், கேட்க வேண்டும் என்பது தெரிந்தவர் சிலரே. ஒரு மருத்துவமனையில் தொற்று ஏற்பட்டு மறு மருத்துவமனைக்குப் போகும் நோயாளியைப் பற்றி முதல் மருத்துவமனைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் இல்லை. இந்த இரண்டையும் செய்வதற்குப் புதிய ஆய்வுக்கூடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. ஓர் அஞ்சலட்டை போதும்.

மாமா இப்போது கைத்தடியோடு பள்ளிவாசலுக்குப் போகிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அறுவை நடந்த தொண்ணூறாவது நாளுக்குள் நாம் அந்தத் தாளை நகலெடுத்து, முதல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்கிப் படித்தார். பதினொரு வரிகளிலும் விரல் வைத்துப் படித்தார். உதவியாளரை அழைத்து மாமாவின் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதை உள்ளே செருகி, “வெச்சிருக்கேன் பாய்” என்றார். கோப்பின் மேலட்டையில், ஆறாம் நாள் தேதியோடு, ‘குணமடைந்து சென்றார்’ என்ற முத்திரை இருந்தது.